சாவிக்குள் ஒரு காவல்காரர்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது மர்பி டவுன். பழைய ஊர். முன்பு நாக்ஸ்பேட்டை என்று பெயர். 1809-இல் பெங்களூரில் ஆங்கிலேயர் தண்டு அமைத்தார்கள். தண்டு என்றால் படை தங்கும் இடம். அதை ஒட்டி வேலை தேடித் தமிழர்கள் பலர் வந்தார்கள். அல்சூர், சிவாஜிநகர், மர்பி டவுன் பக்கங்களில் குடியேறினார்கள். இன்றும் இங்கே தெருவில் தமிழ்ப் பேச்சு கேட்கும்.

இங்கே கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. சிலர் வாடகைக் கார் ஓட்டுகிறார்கள். சிலர் வீடுகளில் ஓட்டுநர் வேலை பார்க்கிறார்கள். சிலர் கடன் வாங்கிச் சொந்தமாகக் கார் வைத்திருக்கிறார்கள். கார் ஓடினால்தான் அன்றைய வருமானம். கார் ஓடச் சாவி வேண்டும்.

அந்தச் சாவி தொலைந்தால்?

"இதென்ன பெரிய காரியம்? தெருமுனையில் சாவி செய்பவர் இருக்கிறார். இன்னொன்று செய்துகொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். அவரும் சாவி செய்து தருகிறார். அந்தச் சாவி கதவைத் திறக்கிறது. ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள பூட்டிலும் சுழல்கிறது. ஆனால் கார் கிளம்பவில்லை. கிளம்பினாலும் ஓரிரு நொடியில் நின்றுவிடுகிறது. முன்பலகையில் ஒரு சிறு விளக்கு மட்டும் மினுக் மினுக் என்கிறது.

பல் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் ஓடவில்லை?

பழைய சாவி

பூட்டு என்றதும் தமிழர்களுக்குத் திண்டுக்கல் நினைவுக்கு வரும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டுக்குள் சிறு தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடும் சரியாக நின்றால்தான் பூட்டு திறக்கும். ஒரு தகடு தவறினாலும் திறக்காது.

பழைய கார்ச் சாவியும் இதே போலத்தான். அம்பாசடர் காரின் சாவி வெறும் உலோகம். பழைய மாருதி 800 காரின் சாவியும் அப்படித்தான். பல் பொருந்தினால் போதும். கார் கிளம்பும். சாவி செய்பவர் பழைய சாவியைப் பார்த்து அரத்தால் ராவிப் புதுச் சாவி செய்தார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

இதில் ஒரு குறை இருந்தது. சாவியைச் சிறிது நேரம் கையில் வாங்கியவர் எவரும் நகல் எடுத்துவிடலாம். சாவியே இல்லாமல் மின்கம்பிகளை இணைத்தும் திருடன் காரை ஓட்டிச் சென்றான்.

புதுச் சாவியில் என்ன இருக்கிறது?

புதிய கார்ச் சாவியின் தலைப்பகுதி தடிமனாக இருக்கும். அது பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு சிறு பொருள் இருக்கிறது. அதன் பெயர் சிப். பல சாவிகளில் அது ஒரு நெல்மணியைவிடச் சற்றுப் பெரியது. அவ்வளவுதான். அதற்குள் ஓர் இரகசிய எண் பதிந்திருக்கிறது.

இந்தச் சிப்புக்குப் பேட்டரி கிடையாது. பிறகு எப்படி வேலை செய்கிறது?

கார்ப் பூட்டின் வாயைச் சுற்றி மெல்லிய செம்புக்கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைப் போட்டுத் திருப்பியதும் அந்தச் சுருளில் மின்சாரம் பாய்கிறது. சுருளைச் சுற்றிக் காந்த அலை உண்டாகிறது. அந்த அலையில் இருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சக்தியை எடுத்துக்கொள்கிறது. உடனே விழித்துக்கொண்டு காருக்குப் பதில் சொல்கிறது. இவை எல்லாம் ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன.

காருக்குள் ஒரு மின்னணுப் பெட்டி இருக்கிறது. அது பதிலைச் சரி பார்க்கிறது. சரி என்றால் இன்ஜினுக்கு அனுமதி கிடைக்கும். தவறு என்றால் அனுமதி இல்லை. இன்ஜின் ஓடாது.

ஆகப் புதுச் சாவிக்கு இரண்டு வேலை. உலோகப் பல் பூட்டைத் திருப்புகிறது. சிப் இன்ஜினுக்கு அனுமதி வாங்குகிறது. ஒன்று இருந்து மற்றது இல்லை என்றால் பயனில்லை.

கதவைத் திறக்கும் பொத்தான் இருக்கிறதே, அது வேறு. அதுதான் ரிமோட். ரிமோட்டுக்குப் பேட்டரி உண்டு. காசு வடிவில் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் பொத்தான் வேலை செய்யாது. ஆனால் சாவியைப் போட்டுத் திருப்பும் காரில் இன்ஜின் வழக்கம் போலக் கிளம்பும். பேட்டரி தீர்ந்ததற்குச் சாவியையே மாற்ற வேண்டியதில்லை.

கேள்வியும் பதிலும்

சிப் எப்போதும் ஒரே எண்ணைச் சொன்னால் திருடன் அதை ஒட்டுக் கேட்டு நகல் எடுக்கலாம். தொடக்க காலச் சிப்புகள் அப்படித்தான் இருந்தன. பின்னால் வந்தவை வேறு வழியில் வேலை செய்கின்றன. அதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம்.

ஒரு வீட்டில் காவல்காரர் இருக்கிறார். வீட்டுக்காரரும் அவரும் ஓர் இரகசியம் பேசி வைத்திருக்கிறார்கள். காவல்காரர் ஓர் எண் சொல்வார். வந்தவர் அதை இரட்டித்து 3 கூட்டிச் சொல்ல வேண்டும்.

இன்று காவல்காரர் 7 என்கிறார். வந்தவர் 17 என்கிறார். கதவு திறக்கிறது.

ஒரு திருடன் இதை ஒளிந்திருந்து கேட்டான். மறுநாள் அவன் வந்தான். காவல்காரர் 12 என்றார். திருடன் 17 என்றான். அகப்பட்டுக்கொண்டான். சரியான பதில் 27 அல்லவா?

காரும் சாவியும் இப்படித்தான் பேசிக்கொள்கின்றன. கார் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைக் கேட்கிறது. சாவி கணக்குப் போட்டுப் பதில் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கு இவ்வளவு எளிதானது அல்ல. மிகவும் சிக்கலானது.

தெருமுனையில் செய்த வெறும் உலோகச் சாவிக்கு இந்தக் கணக்கு தெரியாது. அதனால்தான் கார் ஓடவில்லை.

இது எப்படி வந்தது?

1986-ஆம் ஆண்டு மாதிரி கார்வெட் என்ற அமெரிக்கக் காரில் ஒரு புது ஏற்பாடு வந்தது. சாவியின் தண்டில் ஒரு சிறு மின்தடை பதித்திருந்தார்கள். மொத்தம் 15 வகை மின்தடை. வகை பொருந்தாத சாவியைப் போட்டால் கார் சில நிமிடம் முடங்கிவிடும். சிப் சாவிக்கு இதுவே முன்னோடி.

1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் புதிய கார்களுக்கு இந்தக் காவல் கட்டாயம் ஆனது. 2007-இல் கனடாவிலும் கட்டாயம் ஆனது. இந்தியாவிலும் கார் நிறுவனங்கள் இதைக் கொண்டுவந்தன. மாருதி நிறுவனம் இதற்கு ஐ-கேட்ஸ் என்று பெயர் வைத்தது.

இந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் இந்தச் சிப் காவல் இல்லை. அவற்றை எளிதாகத் திருடும் வழி 2021, 2022-ஆம் ஆண்டுகளில் வீடியோக்கள் மூலம் பரவியது. மில்வாக்கி என்ற நகரில் 2021-இல் திருட்டுப்போன கார்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு நிறுவனங்களின் கார்கள்தான். 2023-இல் நிறுவனங்கள் கார்களின் மென்பொருளை இலவசமாக மாற்றித் தர வேண்டி வந்தது.

சிறு சிப்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பை அது காக்கிறது.

மாற்றுச் சாவி செய்வது எப்படி?

இந்த வேலையில் மூன்று கட்டம் உண்டு.

முதல் கட்டம், வெற்றுச் சாவி வாங்குவது. அதில் பல் வெட்டியிருக்காது. உள்ளே சிப் இருக்கும். எல்லாச் சிப்பும் எல்லாக் காருக்கும் ஆகாது. காரின் பெயர், மாதிரி, ஆண்டு மூன்றும் சொல்லிச் சரியான சாவி வாங்க வேண்டும்.

இரண்டாவது கட்டம், பல் வெட்டுவது. பழைய சாவியை எந்திரத்தில் ஒரு பக்கம் பொருத்துவார்கள். புதுச் சாவியை மறுபக்கம் பொருத்துவார்கள். எந்திரம் பழைய பல்லைப் பார்த்துப் புதுப்பல் வெட்டும். சில கார்ச் சாவிகளில் ஓரத்தில் பல் இருக்காது. தண்டின் பக்கத்தில் பாம்பு போல வளைந்த பள்ளம் இருக்கும். அதை அரத்தால் செய்ய முடியாது. அதற்குத் தனி எந்திரம் வேண்டும்.

மூன்றாவது கட்டம், சாவியைக் காருக்கு அறிமுகம் செய்வது. இதைத்தான் புரோகிராம் செய்வது என்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளை உள்ள ஒரு செருகுவாய் இருக்கும். அதில் ஒரு கருவியைச் செருகுவார்கள். "இதுவும் நம் வீட்டுச் சாவிதான். பதிந்துகொள்" என்று அந்தக் கருவி காருக்குச் சொல்லும். பல கார்கள் அதற்கு முன் ஓர் இரகசிய எண் கேட்கும். அந்த எண் காருக்குக் கார் மாறும். சரியான எண் கொடுத்தால்தான் கார் புதுச் சாவியைப் பதிந்துகொள்ளும்.

மூன்றாவது கட்டத்துக்குக் கார் பக்கத்தில் இருக்க வேண்டும். சாவியை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் நடக்காது. சில வகைச் சிப்பை மட்டும் கார் இல்லாமலே நகல் எடுக்க முடியும்.

யாரிடம் செய்வது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, கார் நிறுவனத்தின் ஷோரூம் அல்லது சர்வீஸ் நிலையம். அங்கே சாவிக்கு எழுதிக் கேட்க வேண்டும். வர நாள் ஆகலாம். செலவும் அதிகம். ஆனால் அசல் சாவி கிடைக்கும்.

மற்றொன்று, கருவி வைத்திருக்கும் சாவிக் கடைக்காரர். செலவு குறையும். பெரும்பாலும் அன்றே கிடைக்கும். ஆனால் ஆளைத் தெரிந்து செய்ய வேண்டும். பெங்களூரில் கார் உதிரிபாகங்களுக்கு ஜே.சி. ரோடு பேர்போனது. போவதற்கு முன் இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்பது நல்லது.

உலோகச் சாவி மட்டும் என்றால் சில நூறு ரூபாய். சிப்பும் ரிமோட்டும் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய். கேட்கும்போது "சாவி, பல் வெட்டுவது, புரோகிராம் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். தனித்தனியாகச் சொல்லிக் கடைசியில் கூட்டிக் கேட்பவர்களும் உண்டு.

நல்ல கடைக்காரர் எப்படி இருப்பார்? அவரும் கேள்வி கேட்பார். ஒரு கடையில் பேச்சு இப்படி நடக்கலாம்:

"அண்ணா, இந்த வண்டிக்கு இன்னொரு சாவி வேணும்."

"செய்யலாம்பா. வண்டி உன் பேர்ல இருக்கா?"

"இல்லைங்கண்ணா. முதலாளி பேர்ல."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வா. இல்லைன்னா அவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. போன்லயும் ஒரு வார்த்தை பேசணும். ஆர்.சி. புத்தகம், உன் லைசென்ஸ் ரெண்டும் எடுத்துட்டு வா."

"சாவிதான் என் கையிலேயே இருக்கே அண்ணா?"

"சாவி திருடன் கையிலயும் இருக்கும்பா. நாளைக்கு உன் வண்டிச் சாவியை வேற ஒருத்தன் கொண்டு வந்தா, நான் கேட்காம செஞ்சு குடுக்கலாமா?"

இப்படிக் கேட்பவர் மீது கோபம் கொள்ளக் கூடாது. எதுவும் கேட்காமல் செய்து தருபவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.

வாங்கும்போது சோதனை

பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைச் செய்து பார்க்க வேண்டும்.

1. பழைய சாவியைக் காரில் இருந்து தள்ளி, வேறு ஒருவர் கையில் கொடுங்கள். இரண்டு சாவியும் ஒரே வளையத்தில் இருந்தால், பழைய சாவியின் சிப்பே பதில் சொல்லிவிடக் கூடும். புதுச் சாவி வேலை செய்வது போலத் தோன்றும்.

2. புதுச் சாவியால் கதவையும் டிக்கியையும் திறந்து மூடுங்கள்.

3. இன்ஜினைக் கிளப்புங்கள். சிறிது நேரம் ஓடட்டும். நிறுத்துங்கள். மீண்டும் கிளப்புங்கள். மூன்று முறை பாருங்கள்.

4. ரிமோட் இருந்தால் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

5. இப்போது பழைய சாவியால் கிளப்பிப் பாருங்கள். புதியதைப் பதியும்போது பழையது அழிந்துபோவது உண்டு.

6. எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்ற எண் பல கருவிகளில் திரையில் தெரியும். அதைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். கையில் உள்ள சாவிகள் 2 என்றால் திரையிலும் 2 இருக்க வேண்டும். 3 என்று இருந்தால் அந்த மூன்றாவது சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

7. ரசீது வாங்குங்கள். அதில் தேதி, கார் எண், தொகை மூன்றும் இருக்கட்டும்.

ஒரு சாவியும் இல்லை என்றால்?

இதுதான் பெரிய துன்பம். நகல் எடுக்கப் பழைய பல் இல்லை. காருக்கு அறிமுகம் செய்து வைக்கப் பழைய சாவி இல்லை. காரைக் கடைக்கு ஓட்டிச் செல்லவும் முடியாது. சாவிக்காரர் கார் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். இல்லை என்றால் காரை வேறு வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டும். சில கார்களில் மின்னணுப் பெட்டியைக் கழற்றி வேலை செய்ய வேண்டி இருக்கும். அத்தனைக்கும் செலவு. அதுவரை வருமானமும் இல்லை.

எனவே ஒரு சாவி கையில் இருக்கும்போதே இன்னொன்று செய்துவிட வேண்டும். இரண்டாவது தொலையட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

புதுக் கார் வாங்கும்போது இரண்டு சாவி தருவார்கள். பல கார்களில் சாவியோடு ஒரு சிறு தகடோ வில்லையோ இருக்கும். அதில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது சாவி எண். அந்த எண் இருந்தால் பழைய சாவி இல்லாமலே பல் வெட்ட முடியும். பலர் அதை விளையாட்டுப் பொருள் என்று எறிந்துவிடுகிறார்கள். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். தகட்டைச் சாவி வளையத்தில் மாட்டக் கூடாது. சாவியோடு அதுவும் தொலைந்துவிடும்.

பழைய கார் வாங்குபவர் விற்பவரிடம் இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். "ஒன்றுதான் இருக்கிறது" என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

தொலைந்த சாவி எங்கே போனது?

புதுச் சாவி கிடைத்ததும் பலர் பழையதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அது எங்கோ இருக்கிறது. யார் கையிலாவது கிடைத்திருக்கலாம். கார் அதை இன்னும் வீட்டுச் சாவி என்றே நம்புகிறது.

எனவே புரோகிராம் செய்யும்போது, தொலைந்த சாவியைக் காரின் நினைவில் இருந்து அழிக்கச் சொல்ல வேண்டும். அழித்தால் அந்தச் சாவியால் இன்ஜின் கிளம்பாது. ஆனால் அதன் உலோகப் பல் கதவை இன்னும் திறக்கும். சாவி திருட்டுப்போயிருந்தால் பூட்டையும் மாற்றுவது நல்லது.

சாவி தொலைந்ததைக் காவல் துறையில் பதிவு செய்து நகல் வாங்கி வைக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. கார் திருட்டுப்போனால் காப்பீட்டு நிறுவனம் காரின் சாவிகளைக் கேட்கும். பொதுவாக இரண்டையும் கேட்பார்கள். ஒன்றுதான் இருந்தால், "மற்றது எங்கே? காரிலேயே விட்டுவிட்டீர்களா?" என்ற கேள்வி வரும். பணம் கிடைப்பது சிக்கலாகும். காவல் துறைப் பதிவும் சாவிக்கடை ரசீதும் அப்போது கை கொடுக்கும்.

சாவி தொலைந்தால் செலவைத் தரும் கூடுதல் காப்பீடும் உண்டு. பாலிசியைப் புதுப்பிக்கும்போது கேட்டுப் பார்க்கலாம்.

குறுக்கு வழி வேண்டாம்

"சிப்புக்கு எதற்குச் செலவு? ஒரு வழி இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள். நல்ல சாவியில் இருந்து சிப்பை எடுப்பார்கள். ஸ்டியரிங் பூட்டுக்குப் பக்கத்தில் மறைத்து ஒட்டிவிடுவார்கள். அதன் பிறகு வெறும் உலோகச் சாவியே காரைக் கிளப்பும்.

மலிவுதான். ஆனால் காவல்காரரைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு இது சமம். திருடனுக்கும் சிப் தேவையில்லை. அவனுக்கும் உலோகச் சாவி போதும்.

சாவியின் பிளாஸ்டிக் உறை உடைந்தால் உறையை மட்டும் மாற்றலாம். அது மலிவு. ஆனால் பழைய உறையில் இருந்து சிப்பைக் கவனமாக எடுத்துப் புது உறையில் வைக்க வேண்டும். சிறு பொருள் என்பதால் கீழே விழுந்தால் தெரியாது. உடைந்த உறையைத் தூக்கி எறிவதற்கு முன் சிப் இடம் மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

நினைவில் கொள்ளுங்கள்

மாற்றுச் சாவியைக் காருக்குள் வைக்கக் கூடாது. ஒரே வளையத்தில் இரண்டு சாவியையும் மாட்டக் கூடாது. ஒன்று ஓட்டுபவரிடம் இருக்கட்டும். மற்றது வீட்டில் இருக்கட்டும். எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சாவி எண், காரின் சேசிஸ் எண், காப்பீட்டுப் பாலிசி எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. ஆபத்து நேரத்தில் பல நாள் வருமானத்தை அது காப்பாற்றும்.

பதில் சொல்லுங்கள்

1. பல் சரியாக இருந்தும் உலோகச் சாவியால் கார் ஏன் ஓடவில்லை?

2. காவல்காரர் 20 என்றால் வீட்டுக்காரர் என்ன பதில் சொல்ல வேண்டும்?

3. புதுச் சாவியைச் சோதிக்கும்போது பழைய சாவியை ஏன் தள்ளி வைக்க வேண்டும்?

4. உங்கள் வீட்டு வண்டிக்கு எத்தனை சாவி இருக்கிறது? இரண்டாவது சாவி இப்போது எங்கே இருக்கிறது?